இரண்டு 'வேண்டாம்'களுக்குப் பிறகு

போர்கில்ட் த்வைட்டின் வீட்டில் யாரும் முதல் தடவையிலேயே காப்பி வாங்கிக் குடித்தது கிடையாது. "காப்பி சாப்பிடுறியா?" என்பாள். "ஐயோ வேண்டாம், உனக்கு எதுக்குச் சிரமம்" என்போம். "அடுப்புலதான் இருக்கு, ஊத்த வேண்டியதுதான்" என்பாள். "இப்பதான் வீட்டுல குடிச்சிட்டு வந்தேன்" என்போம். சுத்தப் பொய். மூன்றாவது தடவை கேட்பாள். அப்போதுதான், ஏதோ அவள் மனம் நோகக் கூடாதே என்று இறங்கி வருகிறவர்கள் மாதிரி, "சரி, அரைக் கப் போதும்" என்போம். அவள் விளிம்பு வரை ஊற்றுவாள்.

மின்னசோட்டாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் எங்கள் சான்ட்வால்டில் நார்வேக்காரர் வீடுகள் எல்லாவற்றிலும் இதுதான் சட்டம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சொல்வார்கள். எங்கள் ஊரில் அழுத பிள்ளைக்கு வெட்கம்தான் மிஞ்சும். இரண்டு தடவை வேண்டாம் என்ற பிள்ளைக்குத்தான் பால்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் தோரா, ஊர் டெலிபோன் பலகையில் உட்காருகிறவள். யார் யாரைக் கூப்பிட்டாலும் என் கைதான் கம்பியைச் செருக வேண்டும். செருகிய பிறகு காதை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதினவர் எங்கள் ஊர்க் குளிர்காலத்தை ஒரு முறைகூடப் பார்க்காதவர். போர்கில்டைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரிந்திருப்பதற்குக் காரணம் பாதி சிநேகம், பாதி என் காது.

அவள் நார்வேயின் வடகோடியில் ஒரு மீன்பிடிக் கிராமத்தில் பிறந்தவள். குளிர்காலத்தில் சூரியன் தலையே காட்டாத ஊர். இருபது வயதில் இங்கே ஒரு பண்ணைக்கு வேலைக்காரியாக வந்தாள். வந்த மூன்றாம் வருஷம் பண்ணைக்காரரின் தம்பி நில்ஸ் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். அவரும் பெண் கேட்டது மூன்று தடவை என்றுதான் ஊரில் பேச்சு. பிள்ளை இல்லை. நில்ஸ் நிமோனியாவில் போன பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கோழிகளையும் சர்ச் சமையலறையையும் மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டாள். சர்ச்சின் கீழ்க்கூடத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நீல எனாமல் கெண்டியோடு சமையலறை வாசற்படியில் நிற்பாள். யாருடைய கப் காலி, யார் யாரோடு பேச்சு நிறுத்தம், எல்லாம் அங்கிருந்தே தெரியும் அவளுக்கு.

அவள் காப்பிக்கு ஊரே அடிமை. ரகசியம் ஒன்றும் இல்லை. காப்பித் தூளில் ஒரு முட்டையை ஓட்டோடு உடைத்துப் பிசைந்து கொதிக்கிற தண்ணீரில் போடுவாள். கசடெல்லாம் முட்டையோடு ஒட்டிக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிடும். மேலே தேன் நிறத்தில் தெளிவாக நிற்கும்.

யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் கழித்து, அக்டோபரில், அந்த முட்டைக்கே வந்தது வினை. ஐரோப்பா பட்டினி கிடக்கிறது, தானியத்தை மிச்சப்படுத்தி அனுப்ப வேண்டும், ஆகவே செவ்வாய்க்கிழமை இறைச்சி வேண்டாம், வியாழக்கிழமை முட்டையும் கோழியும் வேண்டாம் என்று ஜனாதிபதி ரேடியோவில் கேட்டுக்கொண்டார். எங்கள் ஊர் ஆண்கள் பிள்ளைகளை யுத்தத்துக்கு அனுப்பினபோதுகூட இவ்வளவு முணுமுணுக்கவில்லை.

அந்த மாதமே போர்கில்டின் தம்பி எட்வர்ட் வந்து இறங்கினார். அவர் வேலை பார்த்த நார்வே சரக்குக் கப்பல் ஆறு, கால்வாய் வழியாக எங்கள் பெரிய ஏரிக்குள் வந்து, டுலூத் துறைமுகத்தில் பழுதாகி நின்றுவிட்டது. சரிசெய்து முடிக்கிறவரை விடுப்பு. ஏரி உறைவதற்குள் கப்பல் கிளம்பியாக வேண்டும். அக்கா கப்பலேறியபோது அவருக்கு ஒன்பது வயது. பஸ் நிறுத்தத்தில் இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். "ஒசந்துட்ட" என்றாள் அவள். "நீ கொஞ்சம் குறைஞ்சுட்ட அக்கா" என்றார் அவர். பிறகு இருவரும் வெகுநேரம் பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

அவருடைய கிராமம் இப்போது இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஜெர்மானியர் பின்வாங்கிப் போகும்போது அந்தக் கரையோரம் முழுவதும் வீடு, படகுத்துறை, தேவாலயம் ஒன்று விடாமல் கொளுத்திவிட்டுத்தான் போனார்கள். ஆனால் இப்போது எங்கே, எப்படி இருக்கிறார் என்று கேட்டால், "இருக்கோம், பரவாயில்ல" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அந்த நேரத்தில்தான் ஹால்வர் சுன்டெட் ஊருக்கு வந்தார். நாங்கள் ஓட்டுப் போட்டு வாஷிங்டன் சபைக்கு அனுப்பியவர். எங்கள் ஊர்ப் பையன்தான், போர்கில்டின் நில்ஸோடு ஒரே பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்தவர். ஐரோப்பாவை நிமிர்த்த இன்னும் நிறையக் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கத்தில் ஒரு பக்கம் பேச்சு. கொடுத்தது போதும் என்று இன்னொரு பக்கம். ஹால்வர் இரண்டாவது பக்கம். தன் பக்கம் எவ்வளவு பேர் என்று எண்ணிப் பார்க்க வந்திருந்தார்.

கூட்டம் வியாழக்கிழமை. போர்கில்ட் முட்டையில்லாமல் காப்பி போட்டாள். ஊரே பல்லில் கசடோடு உட்கார்ந்திருந்தது. ஹால்வர் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்து, "பாத்தீங்களா, கடைசியில கவர்மெண்டு நம்ம போர்கில்டோட முட்டையிலயும் கைய வச்சிருச்சு!" என்றார். கூடம் அதிர்ந்தது.

அப்புறம் பேசினார். "நாமளும் குடுத்துக்கிட்டேதான் இருக்கோம். யுத்தத்துக்குக் குடுத்தோம், பஞ்சத்துக்குக் குடுத்தோம். இப்ப இன்னும் கூட வேணுமாம். யாருக்கு வேணும்? அவங்களே கேக்குறாங்களா, இல்ல வாஷிங்டன்ல உக்காந்திருக்கிற அதிகாரிங்க கேக்குறாங்களா?" சொல்லிக்கொண்டே கூடத்தைச் சுற்றிப் பார்த்தவர், பின்வரிசையில் எட்வர்டைக் கண்டார். "இதோ, அங்கேயிருந்தே ஒருத்தர் வந்திருக்காரு. இவரைவிட யார் சொல்லணும்? நீங்களே சொல்லுங்க, எங்க உதவி உங்களுக்கு வேணுமா?"

எட்வர்ட் எழுந்தார். தொப்பியைக் கையில் எடுத்து விளிம்பைச் சுற்றினார். "வேண்டாங்க. நாங்க சமாளிச்சுக்குவோம்" என்றார்.

கூடம் அப்படியே நின்றது. எதற்கு நின்றது என்று எங்களில் ஒவ்வொருவருக்கும் தெரியும். வாசற்படியில் போர்கில்ட் கெண்டியைச் சாய்த்தபடி அப்படியே நின்றாள்.

"சரி" என்றார் ஹால்வர். "கேட்டீங்களா? இதுதான் நம்ம நார்வே ரத்தம்!"

கைதட்டல். எட்வர்ட் உட்கார்ந்தார். போர்கில்ட் கெண்டியை நிமிர்த்தி உள்ளே கொண்டுபோய்விட்டாள். அன்றைக்கு யாருக்கும் இரண்டாவது கப் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் ஹால்வரின் பேச்சு ரேடியோவில் வந்தது. 'எரிக்கப்பட்ட வடக்கிலிருந்து வந்த மீனவர் ஒருவரை என் ஊரில் நானே நேருக்கு நேர் கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றார். பிறகு எதற்காக நம் பையை அவிழ்க்க வேண்டும்?' ஒரு வேண்டாம், அட்லாண்டிக் சமுத்திரம் அளவுக்குப் பெரிதாகிவிட்டது.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எட்வர்ட் பொய் சொன்னாரா, நிஜமாகவே வேண்டாமா? வேண்டாம் என்றால் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு எதற்குக் கப்பலில் கிடக்கிறார்? மதிய இடைவேளையில் போர்கில்டின் பண்ணைக்குப் போனேன்.

எட்வர்ட் கொல்லையில் குந்தி உட்கார்ந்திருந்தார். போர்கில்ட் பழைய கோழிக்கொட்டகையைப் பிரித்துப் பலகைகளை அடுப்பில் எரித்துக்கொண்டிருந்த சமயம் அது. அவர் அந்த அடுப்புச் சாம்பலைச் சல்லடையில் கொட்டிச் சலித்து, ஆணிகளைப் பொறுக்கி, ஒரு கல்லின் மேல் வைத்து ஒவ்வொன்றாகத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். பக்கத்து டப்பா நிறைய ஆணி.

"கடைத்தெருவுல புது ஆணி கிடைக்குமே, எட்வர்ட்?"

"இங்க கிடைக்கும்." ஒரு தட்டு. "எங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான். வீடு எரிஞ்ச இடத்துல சாம்பலைத் தோண்டினா ஆணி வரும். நெருப்புல வெந்த ஆணி இளகிப் போயிருக்கும், அடிச்சா மறுபடியும் வளையும். மறுபடியும் நிமித்தணும். கை அதுக்கே பழகிடுச்சு, சும்மா இருக்க மாட்டேங்குது."

"அந்த ஆணிய வச்சு வீடு கட்டிட்டீங்களா?"

"படகைக் கவுத்துப் போட்டு, சுத்தி மண்கட்டி அடுக்கியிருக்கேன். உள்ளே நாங்க அஞ்சு பேரு. சின்னவளுக்கு இருமல். படகுக்குக் கீழே புகை போக இடம் கிடையாது பாருங்க."

"அப்புறம் ஏங்க வேண்டாம்னு சொன்னீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், இது ஒரு கேள்வியா என்கிற மாதிரி.

"அவரு ஒரு தடவைதானே கேட்டாரு? ஒரே தடவை கேக்குறவருக்கு வேண்டியது 'வேண்டாம்'தான். அதைத்தான் குடுத்தேன்."

திரும்பிப் பார்த்தால் போர்கில்ட் கொல்லைக் கதவில் நின்றுகொண்டிருந்தாள். புகை, இருமல், படகுக்குக் கீழே ஐந்து பேர், எதையும் தம்பி அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அவள் முகம் சிவந்து கழுத்து வரை இறங்கியது. உள்ளே போனாள். நான் டெலிபோன் பலகைக்குத் திரும்பி உட்காரவும் அதில் அவள் வீட்டு எண்ணின் விளக்கு எரியவும் சரியாக இருந்தது.

"தோரா, ஹால்வர் வீட்டுக்குப் போடு."

போட்டேன். காதை எடுக்கவில்லை.

"ஹால்வர், ஞாயித்துக்கிழமை காப்பிக்கு வாங்க."

"ஐயோ போர்கில்ட், வேலை தலைக்கு மேல இருக்கு."

"உருளைக்கிழங்கு ரொட்டி தட்டுறேன். வாங்க."

"உனக்கு எதுக்குச் சிரமம்? அவ்வளவு தூரம் வேற வரணும்."

"ஹால்வர். ஞாயிறு. காப்பி."

"சரி, சரி. ஒரு எட்டு வந்துட்டுப் போறேன்."

"தோரா, நீயும் வந்துரு" என்றாள் போர்கில்ட். "எப்படியும் கேக்கத்தான போற, மூச்சு விடுறது இங்க வரைக்கும் கேக்குது."

ஞாயிறன்று ஆலங்கட்டியும் பனியுமாக அடித்தது. ஹால்வர் காதெல்லாம் சிவந்து உள்ளே வந்தார். சமையலறை முழுக்க வெண்ணெயும் காப்பியும் மணத்தது. இந்தத் தடவை முட்டை போட்ட காப்பி. எட்வர்ட் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் ஹால்வர்.

போர்கில்ட் கெண்டியோடு வந்தாள். "காப்பி?" என்றாள் ஹால்வரிடம்.

"ஐயோ, எதுக்குச் சிரமம், வேண்டாம்."

"சரி" என்று சொல்லி அவரைத் தாண்டிப் போய்விட்டாள்.

எட்வர்டைக் கேட்டாள். வேண்டாம் என்றார். கேட்டாள், வேண்டாம் என்றார், மறுபடி கேட்டாள், ஊற்றினாள். என்னையும் அப்படியே. பிறகு கெண்டியை அடுப்பின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்தபோதுதான் விஷயம் எவ்வளவு பெரிது என்று எனக்கு உறைத்தது.

ஹால்வரின் காலிக் கப் அவர் முன்னால் பல்லிளித்தது. ரொட்டியை விண்டு வாயில் போட்டார். பருவநிலை பற்றிப் பேசினார். நாங்கள் குடித்தோம். சாகிறவரைக்கும் எனக்கு இனி அவ்வளவு ருசியான காப்பி கிடைக்காது, அவ்வளவு சிரமப்பட்டு விழுங்கவும் நேராது.

"போர்கில்ட்" என்றார் கடைசியில், "ஏதோ மறந்துட்ட போலிருக்கே."

"நீதான வேண்டாம்னு சொன்ன." சாதாரணமாக அவரை நீங்க என்றுதான் சொல்வாள். "ஒரு தடவை சொன்னாப் போதும்னு வாஷிங்டன்ல புதுச் சட்டம் போட்டிருக்கீங்களாமே, ரேடியோவுல கேட்டேன்."

நான் நினைத்தது இதுதான்: பெரிய ஊரிலேயே இருந்து இருந்து அவருக்கு நம் வழக்கம் மறந்துபோயிருக்கும், இப்போது தலையில் அடித்துக்கொள்வார், சிரிப்போம், முடிந்துவிடும். போர்கில்டும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

ஹால்வர் சிரிக்கவில்லை. காலிக் கப்பைத் திருப்பி வைத்தார்.

"மறந்துட்டேன்னு நினைக்கிறியா? எங்கம்மா இந்த ஊர்ல குடிச்ச காப்பிக்கெல்லாம் அவ பாவாடையைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நின்னவன் நான். ரெண்டாந்தடவை கேக்கணும்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கேக்கல."

எட்வர்டின் கை மேசைமேல் அசையாமல் கிடந்தது.

"ரெண்டாவது கேட்டா மூணாவதும் கேக்கணும். மூணாவது கேட்டா இவரு ஆமான்னுருவாரு. ஊரே கேட்டுட்டு இருக்கும். அப்புறம் நான் குடுக்காம எப்படி இருக்க முடியும்? ஆனா அந்தக் கூடத்துல பாதிப் பேருக்குக் குடுக்க மனசில்ல, போர்கில்ட். அடுத்த வருஷம் அவங்ககிட்டதான் நான் ஓட்டுக் கேட்டு நிக்கணும்."

"ஓட்டை மட்டும் எத்தனை தடவை வேணும்னாலும் கேப்ப" என்றாள் அவள்.

எனக்கு ஹால்வர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆச்சரியம்தான். மறதிக்காரரைத் திருத்தலாம் என்று வந்தோம். இவரோ எங்கள் எல்லோரையும்விட வழக்கத்தை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். பூட்டு எங்கே என்று தெரிந்தவருக்குத்தானே சாவியை ஒளிக்கத் தெரியும்.

"அப்ப இப்பக் கேளு" என்றாள் போர்கில்ட். "இங்க ஊரு இல்ல. நாங்கதான் இருக்கோம்."

ஹால்வர் எட்வர்டைப் பார்த்தார். "உங்களுக்கு ஏதாவது வேணுமா?" என்றார். குரல் கூட்டத்தில் பேசிய குரல் இல்லை.

"வேண்டாங்க" என்றார் எட்வர்ட். "உங்களுக்கும் ஆயிரம் கஷ்டம் இருக்கும்."

இரண்டாயிற்று. போர்கில்டின் விரல்கள் மேசைத்துணியைச் சுருட்டின. ஹால்வர் வாயைத் திறந்தார், மூடினார். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "நேரமாச்சு, ரோடு மோசமாயிரும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கதவு சாத்திக்கொண்டது.

போர்கில்ட் அழுதாள். வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. சத்தமே இல்லாமல், காப்பிக் கப்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எட்வர்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் போய் ஜன்னலில் நின்றேன். எனக்கு வேறு என்ன தெரியும்?

ஹால்வர் காரின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். முன்கண்ணாடி முடிந்தது. பின்கண்ணாடி. பக்கத்துக் கண்ணாடிகள். எல்லாம் சுத்தமான பிறகும் சுரண்டினார். வெறுந்தலையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"தொப்பியை விட்டுட்டுப் போயிட்டாரு" என்றேன்.

அது நாற்காலி முதுகில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதை எடுத்துக்கொண்டு ஓடவில்லை.

கதவு திறந்தது. ஹால்வர் உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார், குளிர் முழுவதும் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. தொப்பியைப் பார்க்கவே இல்லை.

"எட்வர்ட், என்ன வேணும் சொல்லுங்க."

எட்வர்ட் கப்பைத் தள்ளி வைத்தார். "ரொம்ப வேண்டாங்க. கொஞ்சம் ஆணி. வளையாத ஆணியா இருந்தா நல்லது." பிறகு, கேட்டது அதிகமோ என்று பயந்தவர் மாதிரி, "பாதி போதும். மீதிய நான் நிமித்திக்குவேன்" என்றார்.

போர்கில்ட் எழுந்து கெண்டியை எடுத்தாள். "கதவைச் சாத்திட்டு உக்காரு" என்றாள் ஹால்வரிடம். அவர் உட்கார்ந்தார். "அரைக் கப் போதும்" என்று வாய் தானாகச் சொன்னது. அவள் விளிம்பு வரை ஊற்றினாள், தட்டிலும் வழிந்தது.

எட்வர்ட் ஏரி உறைவதற்கு முன் போனார். ஊர்க்காரர்கள் ஒரு பீப்பாய் ஆணி கொடுத்தோம். அவரை மூன்று தடவை கேட்டுத்தான். ஒரு பீப்பாய் ஒரு வீட்டுக்கு வரும். எரிந்தது ஒரு வீடு இல்லையே. மீதிக்கு வாஷிங்டன்தான் கதி என்று குளிர்காலம் பூராவும் போர்கில்ட் செய்திக்கு ரேடியோவை முடுக்கிக்கொண்டே இருந்தாள். வசந்தத்தில் சபை ஐரோப்பாவுக்கான அந்த உதவிச் சட்டத்தை நிறைவேற்றியது. ஹால்வரும் ஆம் என்று ஓட்டுப் போட்டார் என்று கேட்டதும் என்னைக் கூப்பிட்டு, "தோரா, கேட்டியா! கேட்டியா!" என்று கத்தினாள். என் காதே அடைத்துவிட்டது.

கோடையில் சர்ச் விருந்துக்கு ஹால்வர் வந்தார். தேர்தல் நெருங்கிவிட்டது. புல்வெளியில் மேசை போட்டிருந்தோம். நேராகப் போர்கில்டிடம் வந்தார்.

"பாத்தியா, ஆமான்னு ஓட்டுப் போட்டேன்."

"கேட்டேன். சந்தோஷம்" என்றாள். நிஜமாகவே சிரித்தாள். "முழுசும்தான?"

அவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். "அதுக்கு முன்னாடி, தொகையைக் குறைக்கணும்னு ஒரு யோசனை வந்துச்சு. அதுக்கும் கை தூக்கினேன். ரெண்டு பக்கமும் பாக்கணும்ல, போர்கில்ட்? ஒண்ணுமே குடுக்காம விட்டாத்தானே தப்பு. எட்வர்ட் எப்படி இருக்காரு?"

"ஆணி இருக்கு. பலகை இன்னும் வரல" என்றாள். "படகுக்குக் கீழேதான்."

கெண்டியை எடுத்தாள். ஒரு தடவை கேட்டாள், வேண்டாம் என்றார். இரண்டாவது கேட்டாள், சிரமம் எதுக்கு என்றார். மூன்றாவதும் கேட்டாள். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"சரி" என்றார் ஹால்வர், கப்பை நீட்டி, "அரைக் கப் போதும்."

போர்கில்ட் ஊற்றினாள். கப்பின் சரிபாதிக்கு வந்ததும் கெண்டியை நிமிர்த்தினாள்.

முப்பத்தைந்து வருஷத்தில் அவள் யாருக்கும் செய்யாதது. சுற்றி நின்றவர்கள் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. ஹால்வர் கப்பைப் பார்த்தார். கெண்டியைப் பார்த்தார். பிறகு அங்கேயே நின்று, எல்லோரும் பார்க்க, அந்த அரைக் கப்பைக் குடித்து முடித்தார்.